மச்சாள் பசியாறிய காலைகள்

1

இன்று காலை சந்தையில் மீன்காரர் என் பையை வாங்கிக்கொண்டே, "காக்கா எங்கே? சுகமா?" என்று கேட்டார். மலாய் மொழியில் 'காக்காக்' என்றால் அக்கா. கடைசி எழுத்தை இங்கே யாரும் அழுத்திச் சொல்வதில்லை, காதில் 'காக்கா' என்றுதான் விழும். அவர் விசாரித்தது என் மச்சாளை, கணவரின் அக்காவை. மச்சாள் ஊருக்குத் திரும்பிப் போய் ஒரு வருடமாகிவிட்டது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

வீட்டுக்கு வந்து மீனைக் கழுவி வைத்துவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன். ஊரில் இருப்பவர்கள், "பினாங்கிலை காலமைச் சாப்பாடு என்ன?" என்று தொலைபேசியில் அடிக்கடி கேட்பீர்கள். அதற்குப் பதில் சொல்லப் போனால் மச்சாளைப் பற்றித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. இருபது வருடத்துக்கு மேலாக இந்த ஊரில் இருக்கிறேன். ஆனால் இதன் காலைச் சாப்பாட்டை நான் ஆறுதலாக உட்கார்ந்து சாப்பிட்டது அவரோடுதான்.

என் கணவர் ஜெராட், கடலுக்குள் இருக்கும் எண்ணெய்க் கிணறுகளுக்குச் சாமான் கொண்டுபோகும் கப்பலில் இயந்திரப் பொறியாளர். சில கிழமை கடலில், சில கிழமை வீட்டில். நான் பின்னேரங்களில் ஒரு பாலர் பள்ளியில் வேலை பார்க்கிறேன். மகள் மீரா பள்ளிப் படிப்பின் கடைசி வகுப்பில் இருக்கிறாள். காலையில் பாணில் எதையோ தடவி நின்றபடியே தின்றுவிட்டு, மலாயும் ஆங்கிலமும் கலந்து தொலைபேசியில் யாருடனோ சிரித்துக்கொண்டு லிஃப்டுக்கு ஓடிவிடுவாள். தமிழ் எனக்காக மட்டும் வைத்திருக்கும் ஒரு பாசை. அதுவும் இந்த ஊர்த் தமிழ். 'ஏலாது' என்று நான் சொன்னால், "முடியாதுன்னு சொல்லுங்கம்மா, ஃப்ரெண்ட்ஸ் சிரிக்கிறாங்க" என்பாள்.

அப்படித்தான் எங்கள் வீடு ஓடிக்கொண்டிருந்தது, மச்சாள் வரும்வரை.

2

நான் யாழ்ப்பாணத் தீவுப்பகுதியில் உள்ள வேலணை. எங்களுடையது தோட்டக் குடும்பம். புகையிலையும் வெங்காயமும்தான் சீவியம். அப்பா கோயில் காரியங்களைப் பார்ப்பவர், சுத்த சைவம். சைக்கிளில் மீன் விற்றுவருகிறவர் எங்கள் வேலிப் படலைக்குக் கிட்ட வரும்போது ஹோர்ன் அடிப்பதை நிறுத்திவிடுவார். தாண்டிப் போனபிறகுதான் திரும்ப அடிப்பார். அப்பாவுக்கு அவ்வளவு மரியாதை, அவ்வளவு பயமும்.

ஜெராட் ஊர்காவற்றுறை. கடலை நம்பி வாழ்ந்த கத்தோலிக்கக் குடும்பம். தாய் சிறுவயதிலேயே போய்விட்டதால் ஜெராட்டையும் தம்பியையும் வளர்த்தது மூத்த அக்கா பிலோமினா. அவர்களைக் கரைசேர்க்க வேண்டுமென்று கல்யாணமே கட்டாமல் இருந்துவிட்டவர். அவர்தான் என் மச்சாள்.

சண்டை நின்றிருந்த காலத்தில் ஊர்காவற்றுறைப் பள்ளிக்கூடம் ஒன்றுக்குத் தொண்டர் ஆசிரியையாகப் போய்வந்தேன். ஜெராட்டோடு பழக்கம் பஸ்ஸில் தொடங்கியது. ஒருநாள் யாழ்ப்பாணத்தில் பதிவுத் திருமணம் செய்துகொண்டு நேரே அவர்கள் வீட்டில் போய் இறங்கினோம். மச்சாள் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு தன் அலுமாரியைத் திறந்து ஒரு புதுச் சேலையை எடுத்துத் தந்தார். கோபமாக ஒரு சொல்லும் சொல்லவில்லை.

அடுத்தநாள் காலை அப்பா வந்தார். படலைக்கு வெளியே நின்றார், உள்ளே கால் வைக்கவில்லை. அயல்சனம் கூடிவிட்டது.

"என்ரை பிள்ளை இனி இந்த மீன் நாறுற குசினிக்குள்ளையே கிடக்கட்டும்" என்றார். "இந்த வீட்டிலை பச்சைத்தண்ணி குடிச்சாலே எங்களுக்குத் தீட்டு."

மச்சாள் முற்றத்தில் நின்றார். குரலை உயர்த்தவில்லை.

"அப்ப நீங்களும் கேட்டுக்கொண்டு போங்கோ. உங்கடை பிள்ளை சமைக்கிறதை நானும் என்ரை சீவியத்துக்கு வாயிலை வைக்கமாட்டன். மாதா அறிய."

நான் உள்ளே கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒரு கிழமையில் கொழும்புக்குப் போய், அங்கிருந்து வெளிநாடு வந்துவிட்டோம். அப்பா அதற்குப் பிறகு என்னோடு கதைக்கவில்லை. அம்மா கதைத்தார். அம்மாவும் போய்ச் சேர்ந்தபிறகு அந்த வீட்டிலிருந்து என் தம்பியின் குரல் மட்டும் வந்தது.

மச்சாளோடு அப்படியில்லை. இரண்டு தடவை ஊருக்குப் போனபோதும் எங்களுக்கு விழுந்து விழுந்து சமைத்துப் போட்டார். நான் குசினிக்குள் போய் ஏதாவது வைத்த நாட்களில் மட்டும் அவருக்கு வயிறு சரியில்லாமல் போய்விடும். இல்லையென்றால் உபவாசம். எல்லோருக்கும் விளங்கும், யாரும் வாய் திறப்பதில்லை. மீராவுக்கு இது எதுவும் தெரியாது.

3

ஜெராட்டின் தம்பியும் கனடா போனபின் மச்சாள் அந்த வீட்டில் தனியாகிவிட்டார். "ஒருக்கா வந்து எங்களோடை நிண்டுபோட்டுப் போங்கோ அக்கா" என்று ஜெராட் கெஞ்சி, பயணச்சீட்டும் அனுப்பினார். மச்சாள் வந்து இறங்கி நாலைந்து நாளில் ஜெராட்டைக் கப்பலுக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். வேறு ஒருவர் வருத்தம் வந்து படுத்துவிட்டாராம், இவர் போயே ஆகவேண்டும்.

அவர் நின்றவரை கடையில் சாப்பாடு எடுத்துச் சமாளித்தாயிற்று. அவர் போன அடுத்த காலை நான் புட்டு அவித்து மேசையில் வைத்தேன். மச்சாள் கதிரையில் இருந்தபடி யன்னலால் வெளியே பார்த்தார்.

"எனக்கு வயித்துக்குள்ளை ஒருமாதிரிக் கிடக்கு. பாண் இருக்கே?"

பாணும் வெறுந்தேத்தண்ணியும். மத்தியானமும் பாண். அடுத்தநாளும் அதே. அறுபது வயது தாண்டிய மனுசி, நீரிழிவும் இருக்கிறது. எனக்கு மனம் கேட்கவில்லை. வற்புறுத்தினால் சத்தியத்தை நினைவூட்டுவதுபோல ஆகிவிடும். என்ன செய்வதென்று யோசித்து, மூன்றாம் நாள் காலை சீலையை மாற்றிக்கொண்டு வந்து சொன்னேன்:

"மச்சாள், இந்த ஊரிலை காலமையிலை வீட்டிலை ஒருத்தரும் அடுப்பு மூட்டுறேல்லை. எல்லாரும் வெளியிலைதான் சாப்பிடுறது. வாங்கோ, நாங்களும் போவம்."

அது முழுப் பொய்யும் இல்லை. பினாங்கில் பாதி ஊர் காலையில் வெளியில்தான் இருக்கும். கோப்பிக்கடைகளின் முன்னால் வட்டக் கல்மேசைகள். ஒரு கடைக்குள்ளேயே ஐந்தாறு வண்டிகள், ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சாப்பாடு. கிழவர்கள் பத்திரிகையை விரித்துக்கொண்டு அவித்தும் அவியாத முட்டையை உறிஞ்சுவார்கள். ஒருத்தரையும் ஒருத்தரும் 'யார் வீட்டுச் சமையல்' என்று கேட்பதில்லை.

மச்சாள் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு செருப்பைப் போட்டார்.

4

முதல்நாள் போனது ஒரு தமிழ்க்காரரின் இடியப்ப வண்டிக்கு. கடைக்காரர் நல்ல மனுசன். "பசியாறிட்டீங்களா அம்மா?" என்று மச்சாளைப் பார்த்துக் கேட்டார். இந்த ஊர்த் தமிழில் அது, காலைச் சாப்பாடு முடிந்ததா என்று விசாரிக்கிற மரியாதைப் பேச்சு. மச்சாளின் முகம் கறுத்துவிட்டது.

"நான் பசியிலை வந்து நிக்கிறன் எண்டு இவருக்கு ஆர் சொன்னது?" என்று என் காதுக்குள் சீறினார்.

விளக்கிச் சொன்னேன். அதற்குள் இடியப்பம் வந்தது. மேலே தேங்காய்ப்பூவும் பழுப்புச் சீனியும். மச்சாள் தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இடியப்பத்துக்குச் சீனியோ? சொதி எங்கை? இதென்ன பழக்கம்?"

திட்டிக்கொண்டே இரண்டு தட்டு சாப்பிட்டார். நீரிழிவை அன்று நானும் மறந்தேன், அவரும் மறந்தார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு காலையும் ஒவ்வொரு இடம். வாழையிலையில் பொதிந்த தேங்காய்ப்பால் சோற்றில் பொரித்த நெத்தலியைக் கண்டதும், "இது எங்கடை சாப்பாடுதானே, ஆர் இவைக்குக் குடுத்தது?" என்றார். சீனர் கடையில் மீன் உருண்டை போட்ட நூடில்ஸ் ரசத்தை முதலில் மணந்து பார்த்தார், பிறகு கோப்பையைத் தூக்கிக் கடைசிச் சொட்டுவரை குடித்தார். கரியில் வாட்டிய பாணுக்கு வெண்ணெயும் தேங்காய்ப்பால் பாகும் பூசித் தருவார்கள். அது அவருக்கு உயிர். நான் இத்தனை வருடம் கடந்துபோன கடைகள் அவை. சைவ வீட்டில் வளர்ந்த எனக்கு மீனே இங்கு வந்துதான் பழகியது. சீனச் சாப்பாட்டுப் பக்கம் திரும்பவே மாட்டேன். மச்சாள் ஒரு கரண்டி எடுத்து என் கோப்பைக்குள் ஊற்றி, "குடியும், ஒண்டும் செய்யாது" என்பார். கடைச் சாப்பாட்டை இருவரும் பகிர்ந்து சாப்பிட்டோம். அதற்குச் சத்தியத்தில் தடை இல்லை.

சாப்பிட்டு முடிய சந்தை. ஈரத் தரை, தொங்கும் மஞ்சள் பல்புகள், கூடைகளில் உயிரோடு துடிக்கும் நண்டு, தண்ணீரில் மிதக்கும் வெள்ளைச் சோயாக் கட்டிகள், கட்டுக் கட்டாகப் பெயர் தெரியாத கீரைகள். மச்சாள் எல்லாவற்றுக்கும் முன்னால் நின்று நின்று வருவார். மீன்காரர் முதல்தரம், "காக்கா, மீன் வேணுமா?" என்று மலாயில் கூப்பிட்டபோது மச்சாள் சட்டென்று நின்றுவிட்டார்.

"கறுப்பி எண்டபடியால் காகம் எண்டுறானோ?"

நான் அர்த்தம் சொன்னதும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் அதுவரை பார்த்ததில்லை. மீன்காரர் ஒரு மீனைத் தூக்கி "கெம்போங்" என்றார். மச்சாள் "கும்பளா" என்று எங்கள் ஊர்ப் பெயரைச் சொன்னார். அவர் தலையாட்டினார், இவரும் தலையாட்டினார். அன்றிலிருந்து அவர் மலாயிலும் இவர் ஊர்காவற்றுறைத் தமிழிலும் கதைத்துக்கொள்வார்கள். நான் தேவைப்படவில்லை.

திரும்பி வரும் வழியில் மச்சாள் ஊர்க் கதைகள் சொல்வார். இடம்பெயர்ந்து போய் ஆண்டுக்கணக்கில் யாழ்ப்பாணத்தில் இருந்துவிட்டுத் திரும்பியபோது வீட்டுக்குள் பனை வடலி முளைத்திருந்தது, விடியப்புறத்தில் இறங்குதுறைக்குப் போய்த் தம்பிமாருக்காகச் சூடை மீன் வாங்கிவந்தது, ஜெராட் முள் தொண்டையில் சிக்கி அழுதது. நான் தோட்டத்தில் வெங்காயம் பிடுங்கிய கதைகள் சொல்வேன். ஒரே தீவின் இரண்டு பக்கத்தில் பிறந்த நாங்கள், ஒருவர் ஊரை மற்றவர் இங்கே நடந்து நடந்துதான் தெரிந்துகொண்டோம்.

ஆனால் வாங்கிவந்த மீனை நான் சமைத்தால் எனக்கும் மீராவுக்கும் மட்டும்தான். மச்சாளுக்குப் பாண்.

5

ஒரு காலை, மழை பெய்து ஓய்ந்த நேரம். மச்சாள் கணவாய்க் கூடையைக் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார். கால் வழுக்கியது. வலது கையை ஊன்றி விழுந்தார். நான் கத்தினேன். மீன்காரர் பலகைக்கு மேலால் பாய்ந்து வந்தார். பக்கத்தில் கீரை விற்கும் சீனத்தி தன் முக்காலியைத் தள்ளிவிட்டாள். இருவருமாகத் தூக்கி இருத்தினார்கள். மீனுக்குப் போட்டிருந்த ஐஸை ஒரு பொலித்தீன் பையில் அள்ளி மணிக்கட்டைச் சுற்றிக் கட்டினார் மீன்காரர். மச்சாளின் முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. "மாதாவே, மாதாவே" என்பதைத் தவிர வேறு சத்தமில்லை.

எலும்பு முறிந்திருந்தது. ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டு, நோவுக் குளிசை தந்து, சாப்பிட்டபிறகுதான் போடவேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். வீட்டுக்கு வரப் பின்னேரமாகிவிட்டது. வெளியே மழை கொட்டியது. பாண் முடிந்திருந்தது. குசினியில் சோறும் முதல்நாள் நான் வைத்த கும்பளாக் குழம்பும்தான் இருந்தன.

மீரா பள்ளியிலிருந்து வந்து பதறிப்போய் நின்றாள். குளிசைப் பையை வாசித்துவிட்டு, "மாமி, சாப்பிட்டுட்டுத்தான் மருந்து போடணும். அம்மா கறி இருக்கு, எடுத்துட்டு வரவா?" என்றாள்.

மச்சாள் யன்னலால் மழையைப் பார்த்தார்.

"நான் கீழை போய்ப் பாண் வாங்கிக்கொண்டு வாறன்" என்று குடையைத் தேடினேன்.

"ஏம்மா? சோறு இருக்குல்ல? மாமி, நீங்க ஏன் நம்ம வீட்டுல சாப்பிடவே மாட்டேங்கிறீங்க? அம்மா சமையல் அவ்வளவு மோசமா?"

"மீரா, உள்ளை போ" என்றேன்.

"நில்லடி பிள்ளை" என்றார் மச்சாள். "அவள் கேக்கட்டும். நான் சொல்லுறன்."

சொன்னார். படலையில் அப்பா நின்றது, அயல்சனம் பார்த்தது, தான் மாதாவைச் சாட்சி வைத்தது, ஒன்றையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. மீராவுக்குச் சில சொற்கள் விளங்கவில்லை, நிறுத்திக் கேட்டாள். 'தீட்டு' என்றால் என்னவென்று அவளுக்கு விளங்கப்படுத்த மச்சாளுக்கு நெடுநேரம் பிடித்தது. விளங்கியதும் அவள் என்னைப் பார்த்தாள். பிறகு மாமியைப் பார்த்தாள்.

"தாத்தா சொன்னதுக்கு ஏன் அம்மா மேல கோபம்?"

"கொம்மாவிலை எனக்கு ஒரு கோவமும் இல்லையடி."

"அப்புறம் ஏன் சாப்பிடல?"

மச்சாள் கட்டுப்போட்ட கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணீர் தாடைவரை வந்து நின்றது. துடைக்க வலது கையைத் தூக்கினார், ஏலவில்லை. இடது கையால் துடைத்தார்.

"வீட்டை விட்டு இறங்கி வந்த பிள்ளை" என்றார், மீராவிடமா தனக்கேயா என்று தெரியவில்லை. "தாய் தேப்பன் இல்லாமல் அந்நிய தேசத்திலை கிடந்தது. நானும் அதைத் தள்ளியெல்லோ வைச்சிருக்கிறன்."

பிறகு என் பக்கம் திரும்பினார்.

"சோத்தைப் போடும், சுகந்தி."

என் பெயரைச் சொல்லி அவர் கூப்பிட்டது அதுதான் முதல்தரம். சோற்றைப் போட்டுக் குழம்பை விட்டேன். இடது கையால் கரண்டியைப் பிடித்தார். பாதி மடியில் கொட்டியது. இரண்டாவது தரமும் கொட்டியது. கரண்டியைத் தட்டில் வைத்துவிட்டு, "நீரே தாரும்" என்றார்.

முள்ளை எடுத்துப் பிசைந்து வாயில் வைத்தேன். மென்று விழுங்கினார்.

"புளி காணாது" என்றார். இன்னும் கொஞ்சம் மென்றபின், "மீன் நல்ல மீன்."

மீராதான் முதலில் சிரித்தாள். அன்று சட்டி கழுவினதுபோல ஆகும்வரை சாப்பிட்டோம்.

6

மாவுக்கட்டை வெட்டுமுன் விசா முடிகிறது. டாக்குத்தரின் கடிதத்தோடு குடிவரவு அலுவலகத்துக்கு அலைந்தோம். நம்பர் துண்டு எடுத்துக் காத்திருந்தால், இந்தப் பிரிவு இல்லை என்பார்கள். அடுத்த பிரிவில் ஒரு பிரதி குறைவு என்பார்கள். இரண்டாம் நாள் ஒரு தமிழ்ப் பெண் அலுவலர் கிடைத்தார். வெளியே வரிசையில் நின்ற ஒரு மனிதரிடம் சத்தம் போட்டுவிட்டு வந்து, கேள்விகளை மச்சாளிடமே கேட்டார்.

"யார் வீட்டுல தங்கியிருக்கீங்க?"

"தம்பி வீட்டிலை. அவர் கப்பலிலை. இவ தம்பீன்ரை மனுசி."

"இவங்க உங்களை நல்லா பார்த்துக்கிறாங்களா?"

மச்சாள் நிமிர்ந்து இருந்தார். நெஞ்சில் கை வைக்காத குறையாகச் சொன்னார்: "நல்லாப் பாக்கிறா. இத்தனை வருசத்திலை ஒருநாள் என்னைப் பேசினதில்லை."

அலுவலரின் பேனா நின்றுவிட்டது. என்னை ஒருமாதிரிப் பார்த்தார். "ஒரே வீட்டுல இருந்துகிட்டு, பேசுறதே இல்லையா?"

எங்கள் ஊரில் பேசுவது என்றால் ஏசுவது என்று நான் விளக்க முயன்றேன். வாய் திறந்தால் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. மச்சாள் தன் பாட்டுக்கு அந்தப் பெண்ணுக்கு விளங்கப்படுத்தினார்: "பேசுறதெண்டால் தங்கச்சி, இப்ப நீர் வெளியிலை அந்த மனிசனுக்குக் கத்தினீரெல்லோ, அதுதான்." அலுவலர் ஒரு கணம் திகைத்து, பிறகு விழுந்து விழுந்து சிரித்தார். முத்திரை குத்தும்போதும் சிரித்துக்கொண்டிருந்தார்.

வெளியே வந்து ஒரு கோப்பிக்கடையில் இருந்தோம். வாட்டின பாண் வந்தது. மச்சாள் என் முகத்தைப் பார்க்காமல் அப்பாவைப் பற்றிக் கேட்டார்:

"கொப்பர் ஒருக்காலும் போன் எடுக்கிறேல்லையே?"

"இல்லை மச்சாள்."

"நீர் எடுத்தால்?"

"தம்பியட்டைக் குடுத்திடுவார்."

மச்சாள் தன் பாணில் பாதியைப் பிய்த்து என் தட்டில் வைத்தார்.

7

கட்டு வெட்டினார்கள். ஜெராட் கப்பலால் வந்தார். தன் அக்கா என் கையால் அவித்த புட்டைச் சாப்பிட்டுக்கொண்டிருப்பதைக் கண்டு வாசலிலேயே நின்றுவிட்டார், சப்பாத்தையும் கழற்றவில்லை. மச்சாள் ஊருக்குப் போகும் நாளில் மீரா விமான நிலையத்தில் தேம்பித் தேம்பி அழுதாள். இப்போது கிழமைக்கு ஒருமுறை மாமியோடு அவளே எடுத்துக் கதைக்கிறாள். 'ஏலாது' என்ற சொல்லை என்னைப் பார்த்துச் சொல்லுமளவுக்கு வந்துவிட்டாள்.

மச்சாள் போய்ச் சில மாதங்களின் பின், ஒரு ஞாயிறு காலை, காணொளியில் அழைப்பு வந்தது. மச்சாளின் முகம் தொலைபேசிக்கு மிகக் கிட்ட இருந்தது. பின்னால் தெரிந்த சுவர் ஊர்காவற்றுறை வீட்டுச் சுவர் இல்லை. சுவாமிப் படங்களும் அவற்றுக்கு மேல் ஒரு பழைய மணிக்கூடும். வேலணையில் அந்த மணிக்கூட்டின் கீழ் இருந்துதான் நான் சின்ன வயதில் படித்தேன்.

"மச்சாள், எங்கை நிக்கிறியள்?"

"பஸ்ஸிலை வந்தனான். தனிய இருந்தென்ன செய்யிறது? உம்மடை தம்பிதான் படலை திறந்தவர். இந்தாரும், கதையும்."

தொலைபேசி ஆடியது. கூரை தெரிந்தது, பிறகு சட்டையில்லாத ஒரு நெஞ்சு. பிறகு அப்பா. முடி முழுக்க வெளுத்து, கன்னம் ஒட்டிப்போய். திருநீறு மட்டும் அதே மூன்று குறி. என்னை எங்கே பார்ப்பது என்று தெரியாமல் திரையின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பா" என்றேன்.

மச்சாள் இருந்த பக்கம் தலையைத் திருப்பினார்.

"இவ வந்தவ" என்றார். "ஒரு கறி கொண்டந்தவ."

"என்ன கறி அப்பா?"

தாடை அசைந்தது.

"நான் கேக்கேல்லை. சாப்பிட்டிட்டன்."

கோயில் பிரசாதத்தைக்கூட யார் சமைத்தது என்று விசாரிக்காமல் கைநீட்டாத மனிதர். நான் வாயைப் பொத்திக்கொண்டேன். ஜெராட் பின்னால் வந்து என் தோளைப் பிடித்தார். தொலைபேசி மறுபடி மச்சாளின் கைக்குப் போனது. அவர் எழுந்து முற்றத்துக்கு நடந்துவந்து, குரலைத் தாழ்த்தினார்.

"முருங்கைக்காய்தான் சுகந்தி. மீன் படாத சட்டி வேணுமெண்டு புதுசு ஒண்டு வாங்கித்தான் வைச்சனான். கொப்பருக்குச் சொல்லிப்போடாதையும்."